30 வினாடிக்குள் பாட்டு போட்டால் தப்பில்லையா?

கேள்வி:

மேடம், நான் ஊடகவியல் இறுதியாண்டு மாணவி. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து, டிவி விளம்பரங்கள் பெண்களை எப்படிக் காட்டுகின்றன என்று ஒரு 14 நிமிட ஆவணப்படமும், அதோடு ஓர் ஆய்வறிக்கையும் தயாரித்திருக்கிறோம். படத்தில் நிறைய விளம்பரத் துண்டுகள் வருகின்றன. எல்லாம் பெரிய கம்பெனிகளுடையவை என்பதால் அதுதான் எங்களுக்குப் பயமாக இருக்கிறது. ஆரம்பத்தில் ஒரு சினிமா பாட்டு 28 வினாடி வருகிறது. 30 வினாடிக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை என்று சீனியர்கள் சொன்னார்கள். டைட்டிலில் உள்ள போட்டோ கூகுளில் தேடி எடுத்தது, எடுத்த தளத்தின் பெயரைப் போட்டிருக்கிறோம். அறிக்கையில் ஓர் ஆய்விதழில் வந்த வரைபடத்தை (கிராஃப்) அப்படியே ஒட்டியிருக்கிறோம். படத்தின் கடைசியில் "கல்வி நோக்கத்துக்காக மட்டும், ஃபேர் யூஸ்" என்று ஒரு கார்டும் உண்டு. இப்போது துறைத்தலைவர் படத்தைத் துறையின் யூடியூப் சேனலில் ஏற்றிவிடலாம் என்கிறார். ஏற்றலாமா? இன்னொன்று, எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பாடப்புத்தகம் ஒன்றின் முழு பி.டி.எஃப். சுற்றுகிறது. அது தப்பா?

பதில்:

உங்கள் பயம் தப்பான இடத்தில் இருக்கிறது. கம்பெனி விளம்பரங்களை எடுத்துப் போட்டதற்குக் கவலைப்படுகிறீர்கள். உங்கள் படத்தில் சட்டப்படி ஓரளவு தைரியமாக நிற்கக்கூடிய பகுதியே அதுதான். கவலையே இல்லாமல் போட்டிருக்கும் பாட்டும் டைட்டில் போட்டோவும்தான் வம்பு.

எந்த நாட்டில் படிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. பதிப்புரிமைச் சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆனால் பெரும்பாலான நாடுகளுக்கு அடித்தளம் ஒன்றுதான்: 1886-ல் உருவான பெர்ன் உடன்படிக்கை. அதன்படி ஒருவர் எழுதியதற்கும், வரைந்ததற்கும், எடுத்த போட்டோவுக்கும் உரிமை தானாகவே வந்துவிடுகிறது. எங்கேயும் போய்ப் பதிவு செய்ய வேண்டியதில்லை, வட்டத்துக்குள் எழுத்துப் போட்ட அந்தக் குறியும் தேவையில்லை. ஆகவே "அதில் காப்பிரைட் என்று எதுவும் போடவில்லையே" என்ற பேச்சை இத்தோடு விட்டுவிடுங்கள். அதே உடன்படிக்கையின் 10-ஆம் பிரிவு நமக்குச் சாதகமானது. வெளியான படைப்பிலிருந்து மேற்கோள் காட்டலாம், ஆனால் எந்த நோக்கத்துக்காகக் காட்டுகிறோமோ அதற்குத் தேவைப்படும் அளவுக்குத்தான், மூலத்தையும் படைத்தவர் பெயரையும் சொல்லித்தான் என்கிறது அது.

ஃபேர் யூஸ் (நியாயமான பயன்பாடு) என்று எல்லோரும் சொல்வது, உரிமையாளரைக் கேட்காமலே ஒரு படைப்பை எடுத்தாள அமெரிக்காவின் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 107-ஆவது பிரிவு தரும் விலக்கு. அங்கே நீதிபதி நான்கு விஷயங்களைப் பார்ப்பார். எதற்காக எடுத்தீர்கள், என்ன மாதிரியான படைப்பிலிருந்து எடுத்தீர்கள், எவ்வளவு எடுத்தீர்கள், அதனால் மூலப் படைப்பின் விற்பனைக்கு அடி விழுகிறதா. நான்கையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு சொல்வார். இலங்கையின் 2003-ஆம் ஆண்டு அறிவுசார் சொத்துச் சட்டமும், சிங்கப்பூரின் 2021-ஆம் ஆண்டுச் சட்டமும் இதே வழியில் போகின்றன. இந்தியா, பிரிட்டன், கனடா போன்ற நாடுகளில் இருப்பது ஃபேர் டீலிங் (நியாயமான கையாளுகை). அங்கே முதலில் உங்கள் நோக்கம் சட்டத்தில் உள்ள பட்டியலில் இருக்க வேண்டும்: ஆராய்ச்சி, தனிப்பட்ட படிப்பு, விமர்சனம், செய்தி என்று போகும் அந்தப் பட்டியல். கனடா 2012-ல் கல்வியையும் பகடியையும் அதில் சேர்த்துக்கொண்டது. பட்டியலில் இடம் கிடைத்த பிறகுதான் நியாயமா இல்லையா என்ற கேள்வியே வரும்.

இரண்டு வழியிலும் ஒரு மாணவருக்கு உதவுகிற கேள்வி ஒன்றுதான். நான் எடுத்து வைத்திருக்கும் இந்தத் துண்டு என் படத்தில் என்ன வேலை செய்கிறது? அதைப் பற்றி நான் ஏதாவது சொல்கிறேனா, இல்லை அலங்காரத்துக்கு வைத்திருக்கிறேனா? உங்கள் சீனியர்கள் கேட்ட "எத்தனை வினாடி" என்ற கேள்வி இதற்குப் பிறகுதான் வரும்.

அந்த 30 வினாடிக் கதை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சுத்தப் புரளி இல்லை. 1976-ல் அமெரிக்காவில் ஆசிரியர்கள் தரப்பும் பதிப்பாளர்கள் தரப்பும் பேசி ஒரு வழிகாட்டி வைத்துக்கொண்டன: வகுப்புக்கு நகல் எடுக்கும்போது உரைநடையில் 1,000 வார்த்தை அல்லது 10 சதவீதம், எது குறைவோ அது. பிறகு 1996-ல் பல்லூடகப் பாடங்களுக்காக இன்னொரு வழிகாட்டி வந்தது. அதில்தான் ஒரு பாட்டில் 10 சதவீதம், போனால் 30 வினாடி என்று எழுதியிருந்தது. இரண்டுமே பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடுகள். சட்டத்தில் இந்த எண் எதுவும் கிடையாது. அட்லாண்டாவில் உள்ள ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மீது பதிப்பாளர்கள் தொடுத்த வழக்கில், 10 சதவீதம் அல்லது ஓர் அத்தியாயம் என்று கீழ்நீதிமன்றம் கோடு கிழித்தது. 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கணக்கு செல்லாது, ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும் என்று திருப்பி அனுப்பியது.

குறைவாக எடுத்தும் மாட்டியவர்கள் உண்டு, முழுசாக எடுத்தும் தப்பியவர்கள் உண்டு. அமெரிக்க முன்னாள் அதிபர் ஜெரால்ட் ஃபோர்டின் நினைவுக்குறிப்பு புத்தகமாக வரும் முன்பே, தி நேஷன் பத்திரிகை அதிலிருந்து சுமார் 300 வார்த்தைகளை அப்படியே எடுத்துப் போட்டது. ஒரு முழுப் புத்தகத்தில் 300 வார்த்தை என்பது ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த வார்த்தைகள், தனக்கு முன்பு அதிபராக இருந்த நிக்சனுக்கு ஃபோர்டு மன்னிப்பு கொடுத்ததைப் பற்றியவை, எல்லோரும் படிக்கக் காத்திருந்ததே அதைத்தான். முன்கூட்டியே வெளியிடும் உரிமையைக் காசு கொடுத்து வாங்கியிருந்த டைம் பத்திரிகை, இனி எங்களுக்கு எதற்கு என்று மீதிப் பணம் 12,500 டாலரைத் தர மறுத்துவிட்டது. 1985-ல் உச்ச நீதிமன்றம் இது ஃபேர் யூஸ் இல்லை என்றது. இதற்கு எதிர்ப்பக்கம், ஓர் இசைக்குழுவின் வரலாற்றுப் புத்தகத்தில் பழைய கச்சேரிப் போஸ்டர், டிக்கெட் படங்கள் 7 முழுசாகவே இடம்பெற்றன. அவற்றைச் சிறிதாக்கி, காலவரிசையில், எந்தக் கச்சேரி எப்போது நடந்தது என்ற விவரத்தோடு அச்சிட்டிருந்தார்கள். 2006-ல் நியூயார்க்கில் உள்ள கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் இது ஃபேர் யூஸ்தான் என்றது. போஸ்டர் முதலில் செய்த வேலை கூட்டம் சேர்ப்பது, புத்தகத்தில் அது வரலாற்றுச் சான்று.

சரி, இதை வைத்துக்கொண்டு உங்கள் படத்துக்கு வருவோம்.

உங்கள் படமே விளம்பரங்களை விமர்சிக்கும் படம். விமர்சிக்கும் பொருளைக் காட்டாமல் விமர்சிக்க முடியாது. ஃபேர் யூஸ் நாடுகளிலும் ஃபேர் டீலிங் நாடுகளிலும் விமர்சனம்தான் ரொம்பப் பழைய, ரொம்பப் பலமான காரணம். கம்பெனி பெரியதா சின்னதா என்பது கணக்கிலேயே வராது. உங்கள் படத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பொருளை வாங்குவதை ஒருவர் நிறுத்தினால்கூட, அது பதிப்புரிமை பார்க்கிற நஷ்டம் இல்லை. விளம்பரத்துக்குப் பதிலாக உங்கள் படத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது நினைப்பார்களா என்பதுதான் அங்கே கேள்வி. நினைக்க மாட்டார்கள்.

ஆனால் எல்லாத் துண்டுக்கும் இதே பதில் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு 20 வினாடிச் சோப்புத்தூள் விளம்பரத்தை வைத்துப் பார்ப்போம். மகன் சட்டையில் கறையோடு வருகிறான், அம்மா சிரித்துக்கொண்டே சட்டையைத் துவைக்கிறாள், பின்னணியில் ஓர் ஆண்குரல் பொருளின் மகிமையை விளக்குகிறது, கடைசியில் பாக்கெட்டும் ஜிங்கிளும். "துவைப்பது பெண், அறிவியல் பேசுவது ஆண்" என்று உங்கள் வர்ணனை சொல்கிறது என்றால், அவள் கையும் அந்தக் குரலும் வரும் பகுதி தேவை. பாக்கெட்டும் ஜிங்கிளும் எதற்கு? அவற்றைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லையே. வெட்டிவிடுங்கள். மாறாக, அந்த விளம்பரத்தின் கதை எப்படித் தொடங்கி எப்படி முடிகிறது என்பதுதான் உங்கள் விமர்சனம் என்றால், 20 வினாடியையும் முழுசாகக் காட்டக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு துண்டையும் எடிட்டிங் டேபிளில் வைத்து இப்படிக் கேட்டுப் பாருங்கள்: இரண்டு வினாடி குறைத்தால் நான் சொல்வது புரியாமல் போகுமா?

மாணவர் படங்களில் அடிக்கடி பார்க்கிறேன், ஆரம்பத்தில் பத்துப் பன்னிரண்டு விளம்பரங்களைச் சரசரவென்று ஓடவிட்டு அதன் மேல் பாட்டு போட்டிருப்பார்கள். ஒரு வார்த்தை வர்ணனை இருக்காது. உங்கள் படத்திலும் அந்த 28 வினாடிப் பாட்டு ஆரம்பத்தில்தான் வருகிறது என்பதால் அப்படித்தான் இருக்கும் என்று யூகிக்கிறேன். விளம்பரத் துண்டுகளுக்குக்கூட அந்த இடம் பலவீனமானது. அங்கே அவை விமர்சனப் பொருளாக இல்லை, கண்ணுக்கு விறுவிறுப்பாக மட்டுமே இருக்கின்றன. வர்ணனையை அங்கேயே தொடங்கிவிட்டால் அந்தப் பகுதியும் தேறிவிடும்.

பாட்டு தேறாது. அந்தப் பாட்டைப் பற்றி நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லை. கேட்க நன்றாக இருக்கிறது என்பதற்காகப் போட்டிருக்கிறீர்கள். சினிமாவில் அது செய்த வேலையும் அதேதான். படத்துக்குப் பின்னணியாகப் பாட்டை உபயோகிக்க உரிமம் விற்கும் சந்தை ஒன்று இருக்கிறது, நீங்கள் அதைச் சுற்றிக்கொண்டு போகிறீர்கள். 28 வினாடி என்றாலும் 8 வினாடி என்றாலும் இதில் பெரிய மாற்றம் இல்லை. இன்னொரு சிக்கல், ஒரு பாட்டில் இரண்டு தனி உரிமைகள் உண்டு. மெட்டுக்கும் வரிகளுக்கும் ஒன்று, பதிவான ஒலிக்கு இன்னொன்று. உங்களில் ஒருவர் அதைத் தானே பாடிப் பதிவு செய்தால் இரண்டாவது உரிமை விலகும், முதலாவது அப்படியே நிற்கும். வகுப்பில் யாராவது கீபோர்டு வாசிப்பவர் இருந்தால் சொந்தமாக ஒரு மெட்டுப் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் யூடியூபின் ஆடியோ லைப்ரரி இருக்கிறது, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் (படைத்தவரே சில நிபந்தனைகளோடு எல்லோரையும் உபயோகிக்க விடும் உரிமம்) வெளியான இசை ஏராளமாக இருக்கிறது. "ராயல்டி ஃப்ரீ" என்று போட்டிருந்தால் இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருமுறை காசு கட்டினால் திரும்பத் திரும்பக் கட்ட வேண்டாம் என்பதுதான் பெரும்பாலும் அதற்கு அர்த்தம்.

டைட்டில் போட்டோவுக்கு, உங்கள் நிலைமைக்கு அச்சாகப் பொருந்தும் ஒரு வழக்கு இருக்கிறது. ஜெர்மனியில் ஒரு பள்ளி மாணவி ஸ்பானிஷ் மொழிப் பாடத்துக்காக ஒரு கட்டுரை தயாரித்தார். அதில் கோர்டோபா நகரத்தின் போட்டோ ஒன்றை ஒரு சுற்றுலாத் தளத்திலிருந்து எடுத்து வைத்தார். அந்தத் தளத்தில் போட்டோ எந்தத் தடையும் இல்லாமல், யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடந்தது. மாணவி எடுத்த தளத்தின் பெயரையும் போட்டோவுக்குக் கீழே போட்டார். பிறகு பள்ளி அந்தக் கட்டுரையைத் தன் இணையதளத்தில் ஏற்றியது. போட்டோ எடுத்தவர், நான் அந்தச் சுற்றுலாத் தளத்துக்கு மட்டும்தான் அனுமதி கொடுத்தேன் என்று வழக்குப் போட்டார். அது ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை போனது. 2018 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது: ஏற்கெனவே இணையத்தில் இலவசமாக இருந்த போட்டோவை இறக்கி வேறு தளத்தில் ஏற்றினால், அது புதிதாக ஒரு கூட்டத்துக்குக் காட்டுவதுதான், உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

இதில் மாணவி மேல் பழி போட எனக்கு மனசு வரவில்லை. கட்டுரையை ஆசிரியரிடம் கொடுத்ததோடு விஷயம் முடிந்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வகுப்பறைக்கும் கற்பித்தலுக்கும் பல நாட்டுச் சட்டங்களில் தாராளமான சலுகை உண்டு. ஆனால் பள்ளி அதைத் தூக்கி உலகத்துக்கே காட்டியபோது கதை மாறிவிட்டது. உங்கள் துறைத்தலைவர் இப்போது செய்ய நினைப்பதும் அதேதான். மூலப் பெயர் போட்டது அங்கே காப்பாற்றவில்லை என்பதையும் கவனியுங்கள். பெயர் போடுவது அவசியம்தான், பல நாடுகளில் அது ஃபேர் டீலிங்குக்கே ஒரு நிபந்தனை. ஆனால் பெயர் போட்டுவிட்டேன் என்பதால் அனுமதி கிடைத்துவிடாது. கூகுள் என்று போடுவதோ அர்த்தமே இல்லாதது. கூகுள் தேடிக் கொடுக்கிறது, போட்டோ எடுப்பதில்லை.

அப்புறம், யாராவது "ஃபில்டர் போட்டு ஓவியம் மாதிரி மாற்றிவிடு, சொந்தமாகிவிடும்" என்று யோசனை சொல்வார்கள். அதையும் பார்த்தாயிற்று. பாடகர் பிரின்ஸின் போட்டோ ஒன்றை வைத்து ஓவியர் ஆண்டி வார்ஹோல் செய்த வண்ணப்படம் 2016-ல் ஒரு பத்திரிகை அட்டைக்கு உரிமம் கொடுக்கப்பட்டது. 2023-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பத்திரிகையில் பிரின்ஸைக் காட்டுவது என்ற ஒரே வேலைக்குத்தான் போட்டோவும் வண்ணப்படமும் போகின்றன, பாணி மாறியது மட்டும் போதாது என்று போட்டோ எடுத்தவர் பக்கம் தீர்ப்பளித்தது. வார்ஹோலுக்கே கிடைக்காதது போன் ஃபில்டருக்கா கிடைக்கப்போகிறது? டைட்டிலுக்கு நீங்களே ஒரு படம் எடுத்துவிடுங்கள். உங்களிடம் கேமரா இருக்கிறது.

சொந்தமாக எடுக்க முடியாத படம் என்றால் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் உள்ளதைத் தேடலாம். 2002-லிருந்து இந்த உரிமங்கள் வழக்கில் இருக்கின்றன. பெயர் போட்டால் போதும் என்பது ஒரு வகை. அதே உரிமத்தில்தான் உங்கள் படைப்பையும் வெளியிட வேண்டும் என்பது இன்னொன்று. வணிகத்துக்குக் கூடாது, மாற்றக் கூடாது என்று சேர்ந்து வருபவையும் உண்டு. மாற்றக் கூடாது என்ற நிபந்தனை உள்ள போட்டோவை வெட்டி, நிறம் மாற்றி, மேலே எழுத்துப் போடுவது ஆபத்து. எடுத்த அன்றே படத்தின் பெயர், எடுத்தவர், இணைப்பு, உரிமத்தின் பெயர் நான்கையும் குறித்து வையுங்கள். கடைசி நாள் இரவில் தேடினால் கிடைக்காது.

வரைபடம் சுலபம். தகவலுக்குப் பதிப்புரிமை இல்லை, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு. 1991-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு டெலிபோன் டைரக்டரி வழக்கில் இதை அழுத்தமாகச் சொன்னது: பெயரும் ஊரும் நம்பரும் அகரவரிசையில் இருப்பதில் படைப்பு எதுவும் இல்லை, எவ்வளவு உழைத்துத் திரட்டியிருந்தாலும் சரி. ஆகவே கட்டுரையில் உள்ள எண்களை எடுத்து உங்கள் கேள்விக்கு ஏற்றபடி நீங்களே வரைபடம் போடுங்கள். கீழே "தரவு: இன்னார், இந்த ஆண்டு, வரைபடம்: எங்களுடையது" என்று எழுதுங்கள். அறிக்கையும் அழகாக இருக்கும், பெரும்பாலும் ஒட்டிய படம் மங்கலாகத்தான் வரும். அந்த வரைபடத்தையே நீங்கள் விமர்சிக்கிறீர்கள் என்றால் மூலத்தை ஒட்டக் காரணம் உண்டு. கட்டுரை யாரும் இலவசமாகப் படிக்கும் கட்டற்ற அணுகலில் (ஓப்பன் ஆக்சஸ்), பெயர் போட்டால் போதும் என்ற உரிமத்தில் வந்திருந்தாலும் ஒட்டலாம். கட்டுரையின் முதல் பக்க அடியில் பொடி எழுத்தில் அது இருக்கும், படித்துப் பாருங்கள்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லியாக வேண்டும், மாணவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். 200 வருடப் பழைய கட்டுரையைத் தன் பெயரில் கொடுத்தால் பதிப்புரிமை மீறல் இல்லை, உரிமைக்காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் அது எழுத்துத் திருட்டு, கல்லூரி நடவடிக்கை எடுக்கும். நேற்று வந்த புத்தகத்தை ஆசிரியர் பெயரோடு முழுசாக ஏற்றினால் எழுத்துத் திருட்டு இல்லை, பதிப்புரிமை மீறல். எண்களை எடுத்து வரைபடம் போட்டால் சட்டம் கேட்காது. எங்கிருந்து எடுத்தேன் என்று சொல்லாவிட்டால் உங்கள் வழிகாட்டி கேட்பார்.

"கல்வி நோக்கத்துக்காக மட்டும்" கார்டு பற்றி ஒரு வரி போதும். அது உங்கள் மனநிம்மதிக்கு, சட்டத்தில் அதற்கு எடை கிடையாது. கல்வி நோக்கம் உண்மையிலேயே இருந்தால் கார்டு இல்லாமலும் அது கணக்கில் வரும்.

யூடியூபில் உங்கள் படத்தை முதலில் பார்க்கப்போவது நீதிபதி இல்லை, கன்டென்ட் ஐடி என்ற மென்பொருள். உரிமையாளர்கள் கொடுத்து வைத்திருக்கும் ஒலி, ஒளியோடு அது ஒப்பிட்டுப் பார்க்கும், பொருந்தினால் பிடிக்கும். நீங்கள் விமர்சித்தீர்களா ரசித்தீர்களா என்று அதற்குத் தெரியாது. அதனால் நியாயமான விளம்பரத் துண்டும் மாட்டலாம். கிளெய்ம், அதாவது "இது எங்களுடையது" என்ற உரிமைகோரல், வந்தால் பெரும்பாலும் விளம்பர வருமானம் உரிமையாளர்களுக்குப் போகும், அல்லது வீடியோ சில இடங்களில் தெரியாது. காப்பிரைட் ஸ்ட்ரைக் என்பது வேறு, அது முறைப்படி நீக்கக் கோரிக்கை வந்தால் விழுவது. 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போகலாம். அது துறையின் சேனல், பழைய மாணவர்களின் படங்களும் அதில்தான் இருக்கும் என்பதைத் துறைத்தலைவரிடம் சொல்லுங்கள். ஃபேர் யூஸ் என்று நினைக்கும் துண்டுக்கு கிளெய்ம் வந்தால் மறுப்பு எழுதலாம். ஒரு குழந்தை பின்னணிப் பாட்டுக்கு ஆடும் 29 வினாடி வீட்டு வீடியோவை இசை நிறுவனம் நீக்கச் சொன்ன வழக்கில், கோரிக்கை அனுப்பும் முன் ஃபேர் யூஸா என்று யோசித்தாக வேண்டும் என்று 2015-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மறுப்பை அவசரத்தில் எழுதாமல் இருக்க, ஒவ்வொரு துண்டுக்கும் எந்த விளம்பரம், எத்தனை வினாடி, வர்ணனை அங்கே என்ன சொல்கிறது என்று இப்போதே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கட்டத்தில் எழுத எதுவும் வரவில்லை என்றால் அந்தத் துண்டை எடுத்துவிடுங்கள்.

என் யோசனை, இரண்டு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண்ணுக்காக வகுப்பில் காட்டும் பிரதி இப்படியே இருக்கட்டும். யூடியூபுக்குப் போகும் பிரதியில் பாட்டையும் டைட்டில் போட்டோவையும் மாற்றி, விளம்பரத் துண்டுகளைச் செதுக்கிவிடுங்கள். இரண்டு மூன்று நாள் வேலைதான்.

ஏற்றும் முன் இன்னொரு கையெழுத்தும் வேண்டும், அதை யாரும் யோசித்த மாதிரித் தெரியவில்லை. இந்தப் படம் உங்கள் நால்வருடையது. மாணவர் உருவாக்கியதற்கு உரிமை பொதுவாக மாணவருக்கே. சேரும்போது நீங்கள் கையெழுத்துப் போட்ட விதிமுறைகளில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். துறைத்தலைவர் நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார், இருந்தாலும் நான்கு பேரும் எழுத்தில் சம்மதம் கொடுக்க வேண்டும். நாளைக்கு ஒருவர் இதே படத்தை ஒரு விழாவுக்கு அனுப்ப நினைத்தால் அப்போது தகராறு வராமல் இருக்கும்.

பி.டி.எஃப். விஷயம். முழுப் பாடப்புத்தகத்தைக் குழுவில் போடுவதை எந்த நாட்டுச் சட்டத்தை வைத்தும் என்னால் நியாயப்படுத்த முடியாது. மாணவர்களுக்கென்றே எழுதி, மாணவர்களுக்கே விற்கும் புத்தகம் அது. அதை மாணவர்களே முழுசாகப் பங்கிட்டுக்கொண்டால் நான்காவது கேள்வியில், விற்பனைக்கு அடியா என்ற கேள்வியில், தப்ப வழியில்லை. தனக்காக இறக்கி வைத்திருப்பதை நாடுகள் வெவ்வேறு விதமாகப் பார்க்கின்றன, ஆனால் குழுவில் ஏற்றிப் பரப்புபவர் நிலைமை எல்லா இடத்திலும் மோசம்.

ஆனால் "ஒரு பக்கம்கூட ஜெராக்ஸ் எடுக்கக் கூடாது" என்று மிரட்டுபவர்களையும் நம்பாதீர்கள். டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடை, பாடத்திட்டத்தில் உள்ள பல புத்தகங்களிலிருந்து பகுதிகளை நகலெடுத்துத் தொகுப்பாகக் கொடுத்து வந்தது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் பதிப்பகங்கள் 2012-ல் வழக்குப் போட்டன. இந்தியச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ நகலெடுப்பதை விலக்கி வைத்திருக்கிறது. 2016-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த விலக்கு இந்தத் தொகுப்புகளுக்கும் பொருந்தும், கற்பித்தலுக்குத் தேவையான அளவா என்பதே கேள்வி என்றது. அடுத்த ஆண்டு பதிப்பகங்கள் வழக்கையே திரும்பப் பெற்றுக்கொண்டன. அந்தத் தீர்ப்பு பாடத்துக்கு வேண்டிய பகுதிகளைப் பற்றியது. முழுப் புத்தகத்தைப் பரப்பலாம் என்று அதிலிருந்து யாரும் அர்த்தம் எடுத்துவிட வேண்டாம். விலை கட்டுப்படியாகாமல்தான் பி.டி.எஃப். சுற்றுகிறது என்று எனக்கும் தெரியும். நூலகரிடம் போய்ப் பாடத்துக்குத் தேவையான அத்தியாயங்களைக் கேளுங்கள், நூலகம் சந்தா கட்டியிருக்கும் மின்னூலாக அது இருக்கலாம். அப்போது கோப்புக்குப் பதில் இணைப்பை மட்டும் குழுவில் போட்டால் போதும். பழைய பதிப்பு பாதி விலைக்குக் கிடைக்கும், அறிமுகப் பாடங்களுக்கு ஓப்பன்ஸ்டாக்ஸ் போன்ற இலவசப் பாடநூல்களும் இருக்கின்றன.

கடைசியாக, அந்த டைட்டில் போட்டோதான் வேண்டும் என்று உங்கள் குழுவில் யாராவது அடம்பிடித்தால், எடுத்தவரைக் கண்டுபிடித்துக் கேட்டுவிடுங்கள். நிறையப் பேர் மாணவர்களுக்குச் சரி என்றுதான் சொல்கிறார்கள். நீளமாக எழுத வேண்டாம், இப்படி இருந்தால் போதும்:

"வணக்கம். நாங்கள் ஊடகவியல் மாணவர்கள். உங்களுடைய இந்தப் போட்டோவை (இணைப்பு) எங்கள் ஆவணப்படத்தின் டைட்டிலில் 5 வினாடி காட்ட விரும்புகிறோம். படம் எங்கள் துறையின் யூடியூப் சேனலில் இலவசமாக வெளியாகும், அதில் வருமானம் இல்லை. போட்டோவின் மேல் படத்தின் பெயரை எழுதுவோம், வேறு மாற்றம் செய்ய மாட்டோம். உங்கள் பெயரை எப்படிப் போட வேண்டும் என்றும் சொல்லுங்கள். 20-ஆம் தேதிக்குள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்."

எங்கே, எவ்வளவு நேரம், என்ன மாற்றம் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும், பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். 20-ஆம் தேதி வரை பதிலே வரவில்லை என்றால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது, வேறு போட்டோவைப் போட்டுவிடுங்கள்.